மருந்து அட்டையின் கடைசிக் கட்டம்

போன மாதம் காயத்ரி வீட்டுக்கு வந்திருந்தாள். நான் வேலை பார்த்த மருத்துவமனையில் இப்போது மருந்தகத்தைக் கவனித்துக்கொள்பவள். பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது என் கையெழுத்தில் கட்டுக்கட்டாக மருந்து அட்டைகள் கிடைத்திருக்கின்றன. "எடைக்குப் போட மனசு வரல சார்" என்று ஒரு கட்டைத் துணிப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள்.

மருந்தாளுநர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை வாங்க வேண்டும் என்பதும் அவள் வந்த காரணங்களில் ஒன்று. மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில், தேவையில்லாத மருந்துகளைக் குறைப்பதற்கென்றே தனி அறை திறந்திருக்கிறார்கள். வெளியே பலகை, உள்ளே கம்ப்யூட்டர். வயதானவர்களுக்கு ஆகாத மாத்திரையை உள்ளிட்டால் சிவப்பாக எரிகிறதாம். அந்தக் காலத்தில் எப்படிச் செய்தீர்கள், நாலு நல்ல அனுபவமாக எழுதுங்கள் என்றாள். எழுதுவதாகச் சொல்லிவைத்தேன். ஓய்வு பெற்றவனிடம் யாராவது எதையாவது கேட்டால் அவ்வளவு சுலபத்தில் மறுக்க வருவதில்லை.

கிளம்பும்போது கட்டிலிருந்து ஓர் அட்டையை உருவி நீட்டினாள். "இதுல ஒரு மருந்துகூட எழுதல சார். பேர் இருக்கு, வயசு இருக்கு. கடைசிக் கட்டத்துல மட்டும் 'யாரும் இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க. மருந்து அட்டையில எதுக்கு 'உடன் யார்'னு ஒரு கட்டம்? எங்க ஃபார்ம்ல அப்படி ஒண்ணு கிடையாதே?"

அட்டையை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். "பழைய பழக்கம்மா" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். நாலு நல்ல அனுபவம் கேட்டிருந்தாள். என்னிடம் இருப்பது இதுதான். இதை மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் பாடு. பெயர்களை மாற்றியிருக்கிறேன். உயிரோடு இருக்கிற ஒருவரிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன்.

படித்த கதையை நீட்டப் போவதில்லை. டாக்டர் சீட்டு கிடைக்காமல் பார்மசி படித்தவன் நான். எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் அப்படித்தான், வெளியே சொல்ல மாட்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு தரும மருத்துவமனையில் சேர்ந்தேன். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குக் கம்பி வலை போட்டு, கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை விட்டிருப்பார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் எனக்கும் ஊருக்கும் பழக்கம். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் காகித உறையில் காலைக்கு ஒரு சூரியன், ராத்திரிக்கு ஒரு பிறை வரைந்து கொடுப்போம். நான் வரைகிற பிறை வாழைப்பழம் மாதிரி இருப்பதாக நர்சுகள் கிண்டல் செய்வார்கள்.

அங்கே பொது மருத்துவப் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் தேவராஜன். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யார் போனாலும், வார்டு பாயாக இருந்தாலும், "உட்காருங்க" என்பார். உட்கார நாற்காலி இருக்காது. அவரே எழுந்துபோய் ஒரு ஸ்டூலை இழுத்துவருவார். மற்ற டாக்டர்கள் நோயாளியின் புத்தகத்தில் 'சி.எஸ்.டி.' என்று மூன்று எழுத்தைக் கிறுக்கி அனுப்பிவிடுவார்கள். பழைய மருந்தையே தொடரவும் என்று அர்த்தம். கூட்டம் அப்படி, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒருவர் தொடரவும் போடுவார், அடுத்தவர் அதைப் பார்த்துத் தொடரவும் போடுவார், பத்து வருடம் கழித்து எதைத் தொடர்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. தேவராஜன் மட்டும் அந்த மூன்று எழுத்தை எழுதவே மாட்டார். ஒவ்வொரு மருந்தையும் முழுப் பெயரோடு திரும்ப எழுதுவார். அவருடைய வரிசை மட்டும் மத்தியானம் இரண்டு மணிக்கும் நகராமல் நிற்கும்.

ஒரு மருந்தை நிறுத்துவதென்றால் அவரிடம் ஒரு முறை இருந்தது. மேஜை டிராயரிலிருந்து மர ஸ்கேலையும் சிவப்புப் பென்சிலையும் எடுப்பார். மருந்தின் பெயர் மேல் ஸ்கேலை வைத்து ஒரே ஒரு நேர்கோடு. கிறுக்க மாட்டார். "அடிச்சதுக்கு அப்புறமும் அது என்னன்னு படிக்க முடியணும். நாம தப்பா இருந்தா திரும்பப் போட வேண்டி வரும் இல்லையா?" என்பார். கோடு போடுவதற்கு முன் மூன்று கேள்வி. யார் ஆரம்பிச்சது, எப்போ, எதுக்கு? மூன்றுக்கும் பதில் வராமல் பென்சில் இறங்காது. ஆரம்பித்தவன் முட்டாள் என்று நினைத்துக்கொண்டு எதையும் நிறுத்தக் கூடாது என்று அடிக்கடி சொல்வார்.

எனக்கு இந்த வேலையில் பைத்தியம் பிடித்தது ஒரு போஸ்ட் ஆபீஸ் ஓய்வூதியக்காரரால். குரோம்பேட்டைக்காரர். சர்க்கரைக்கு எங்களிடம் ஒரு மாத்திரை, வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு மாத்திரை. இரண்டும் ஒரே மருந்து, கம்பெனிதான் வேறு, நிறமும் வேறு. வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று என்று சமர்த்தாக இரண்டையும் விழுங்கிவந்திருக்கிறார். ஒரு நாள் ரயில்வே கேட் அருகே சுருண்டு விழுந்துவிட்டார். பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் வயதான நோயாளிகளிடம், அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துவாருங்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். கல்யாண வீட்டு மஞ்சப்பையில் எடுத்து வருவார்கள். ஜன்னல் பலகையில் கொட்டுவேன். சுருங்கிப்போன களிம்புக் குழாய், பேரனுடைய பூச்சி மாத்திரை, செத்துப்போன மாமியாருடைய இதய மாத்திரை, எல்லாம் விழும். ஒவ்வொன்றாக எடுத்து, "இது எதுக்கு?" என்று கேட்பேன். பதிலை அட்டையில் எழுதுவேன். தேவையில்லாததைத் தேவராஜனிடம் கொண்டுபோவேன். அவர் ஸ்கேலை எடுப்பார்.

நன்றாகவே போனது. பலருக்குத் தலைசுற்றல் நின்றது. ஒருவருக்கு நடை திரும்பியது. பதினான்கு மாத்திரையிலிருந்து ஐந்துக்கு வந்த ஒருவர், இப்போதுதான் காலையில் இட்லிக்கு வயிற்றில் இடம் கிடைக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். இதை ஓர் ஆய்வாக எழுதலாம் என்று தேவராஜனே சொன்னார். நானும் நிறுத்திய மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போட ஆரம்பித்தேன். பட்டியல் நீளநீள எனக்குத் தலைக்கனம் ஏறியது. ஒருவருடைய பை எதையும் நிறுத்த முடியாதபடி சரியாக இருந்தால் எனக்கு ஏமாற்றமாக இருக்கும். அப்படி ஆகிவிட்டேன்.

சரோஜா அம்மாள் அந்தச் சமயத்தில்தான் பையோடு வந்தார். செம்பாக்கத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். கணவர் முனுசாமி அந்த ஊரின் பழைய குடும்பம். கழனிகளைப் பிளாட் போட்டு விற்றது போக, ஏரிப் பக்கம் கொஞ்சம் நிலமும் ஒரு பழைய வீடும் மிச்சம். அந்த அம்மாளுக்கு ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. அது போக, தூக்கத்துக்கு என்று இரண்டு. ஒன்று சமீபத்தில் ஏதோ கிளினிக்கில் கொடுத்தது. மற்றது ஃபீனோபார்பிடோன். எங்கள் புத்தகத்திலேயே வருடக்கணக்காக அது இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் சி.எஸ்.டி.

"உக்காந்துகினே தூங்கறா சார். சோறு வடிக்கச் சொல்லோ சாயறா. இன்னா மாத்திர குடுக்கறீங்களோ" என்றார் முனுசாமி. மனைவியின் பையை அவர்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் அந்தச் சின்ன மாத்திரையை எடுத்துக் காட்டினேன். "இது எதுக்கும்மா?"

"தூக்கத்துக்குங்க."

"யாரு ஆரம்பிச்சாங்க?"

"எங்க அம்மா வூட்டுப் பக்கம் ஒரு டாக்டருங்க. அவரு இப்ப இல்ல."

நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை. ஃபீனோபார்பிடோனைத் தூக்கத்துக்கும் கொடுப்பார்கள், வலிப்புக்கும் கொடுப்பார்கள் என்று படித்தவன். முறைப்படி கேட்க வேண்டியதையும் கேட்டேன். கம்பி வலைக்கு வெளியே இருபது பேர் நிற்கிறார்கள், பக்கத்தில் கணவர் நிற்கிறார். பின்னால் இருப்பவர்களின் சத்தத்தில் அந்த அம்மாளுக்குக் கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்தித்தான் கேட்டேன். "எப்பவாவது வலிப்பு, ஃபிட்ஸ் வந்திருக்கா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க" என்றார். உடனே சொன்னார். முனுசாமி பையைச் சுருட்டிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அட்டையில், வலிப்பு: இல்லை என்று எழுதி அடியில் ஒரு கோடும் போட்டேன்.

தேவராஜன் ஸ்கேலை எடுத்து அந்தப் பெயரின் மேல் வைத்தார். பென்சில் இறங்கவில்லை. "யார் ஆரம்பிச்சதுன்னு தெரியலையே" என்றார்.

"செத்துப்போன டாக்டர் சார். தூக்கத்துக்குன்னு அவங்களே சொல்றாங்க. ஃபிட்ஸ் இல்லன்னு கேட்டு எழுதியிருக்கேன். வெறும் பழக்கம் சார். ஆறு பேர் தொடரவும் போட்டிருக்காங்க, ஒருத்தரும் கேட்கல."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். இதற்குள் எத்தனையோ அட்டைகள் நான் கொண்டுபோய் எதுவும் தப்பாகியிருக்கவில்லை. "சரி, மெதுவா குறைங்க" என்று கோடு போட்டார். அவருடைய மூன்று கேள்விகளுக்கும் முழுப் பதில் கிடைக்காமல் கோடு போட்டது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான். என்னை நம்பிப் போட்டார்.

கிளினிக் மாத்திரையை முதலில் நிறுத்தினேன். ஃபீனோபார்பிடோனைப் பாதியாக்கி இரண்டு வாரம், பிறகு அதுவும் இல்லை. அது மெதுவான குறைப்பு என்று அன்றைக்கு நினைத்தேன்.

நிறுத்திய மூன்றாம் நாள் இருவரும் வந்தார்கள். முனுசாமி முகம் மலர்ந்து, "இப்ப நல்லா சுறுசுறுப்பா கீறா சார். நீங்க நல்லா இருக்கணும்" என்றார். பெண் கஸ்தூரிக்குக் கோவிலம்பாக்கத்தில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயமாகிவிட்டது என்றும் சொன்னார். பிறகு ரத்த அழுத்த மாத்திரைக்குச் சீட்டுப் பதிய அடுத்த வரிசைக்குப் போனார். சரோஜா அம்மாள் ஜன்னல் ஓட்டையில் கையை வைத்தபடி நின்றார். கண்ணாடி வளையல் கம்பியில் உரசிக்கொண்டிருந்தது.

"சார், அந்த மாத்திரைல ஒண்ணாவது குடுங்க சார். பாதியாவது."

"தூக்கம் வரலையாம்மா?"

"ம். தூக்கந்தான்" என்றார். முனுசாமி நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பழகின உடம்பும்மா, கொஞ்ச நாள் அப்படித்தான் கேட்கும். பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்குங்க. விட்டுடும்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். எனக்குப் பின்னால் பட்டியல் இருந்தது. அந்த அம்மாள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். அடுத்தவர் முண்டியடித்துக் கையை நீட்டியதும் விலகிப் போனார். அந்தக் கை ஓட்டையில் இருந்த நேரத்தில் நான் எழுந்து வெளியே போய், ஒரு ஓரமாக நின்று, "என்னம்மா விஷயம்?" என்று கேட்டிருந்தால் போதும். நாற்பது வருடமாக அதைத்தான் நினைக்கிறேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு போலீஸ்காரர் ஒரு மருந்துச் சீட்டோடு தேவராஜன் அறைக்கு வந்தார். சரோஜா அம்மாள் காலையில் தண்ணீர் சேந்தப் போன இடத்தில் கிணற்றுக்குள் கிடந்திருக்கிறார். கொல்லைக் கிணறு, முழங்கால் உயரக் கட்டைச் சுவர். பார்த்தவர் யாருமில்லை. குதித்துவிட்டார் என்று தெருவே பேசுகிறது. முதல் நாள் அம்மாவுக்கும் பெண்ணுக்கும் வாய்ச்சண்டை நடந்ததாம். முனுசாமியை இரண்டு முறை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். வீட்டில் அந்தச் சீட்டு இருந்ததால், மனநிலை சரியில்லாதவரா என்று கேட்க இங்கே வந்திருக்கிறார்.

போலீஸ்காரர் போனதும் தேவராஜன் அந்த அம்மாளின் அட்டையை எடுத்து, சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஸ்டூலில். அந்த மாத்திரை வலிப்புக்காக இருந்திருக்குமோ என்று இரண்டு பேருக்கும் ஒரே சந்தேகம்தான்.

மறுநாள் மத்தியானம் தாம்பரத்திலிருந்து சைக்கிளில் செம்பாக்கம் போனேன். முனுசாமி என்னை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. "இப்பிடி வாங்க" என்று ஏரிக்கரைக்கு நடத்திக் கூட்டிப்போனார். கரையில் நின்றுகொண்டு தண்ணீரைப் பார்த்துப் பேசினார்.

"கண்ணாலமாகி மூணாம் மாசம் சார். கழனில நாத்து நட்டுகினு இருந்தா. அப்பிடியே வுழுந்து கை காலு இஸ்த்துகிச்சி. நான் வரப்புல நின்னுகினு பாத்தேன். எய்ந்ததும் என்னப் பாத்துட்டு, வழுக்கி வுட்டுச்சின்னா. சரின்னுட்டேன்."

தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் அவரே தொடர்ந்தார்.

"அப்பறம் அம்மா வூட்டுக்குப் போறப்போ எல்லாம் மாத்திர கொண்டாருவா. தூக்கத்துக்குன்னுவா. எங்கம்மா இருந்துச்சு அப்ப. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே தொரத்தியிருக்கும். அதான் நானும் வாயத் தொறக்கல. அப்பறம் எங்கம்மா செத்துப்போச்சு. அப்பவும் சொல்லல. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, இத்தினி வருசம் மறச்சிட்டோமேன்னு அவ எம் மூஞ்சில எப்பிடி முயிப்பா? அதான் சார். அப்பிடியே ஓடிப்போச்சு."

"அண்ணா, அன்னிக்கு நான் கேட்டப்போ..."

"நீங்க படிச்சவரு. மாத்திரயப் பாத்தாலே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன் சார்."

அவர் என்மேல் கோபித்துச் சொல்லவில்லை. தன்னைத்தான் நொந்துகொண்டு சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இது என் தவறு, அந்த மாத்திரையை நிறுத்தியிருக்கவே கூடாது, நிறுத்தியதால்தான் வலிப்பு வந்து விழுந்திருக்க வேண்டும், அதை எழுத்தில் கொடுத்துவிடுகிறேன், போலீஸ் உங்களைத் தொந்தரவு செய்யாது என்றேன்.

"ஃபிட்ஸுன்னு எய்தாதீங்க" என்றார் பதறிப்போய். "மாப்ள வூட்டுக்குத் தெரிஞ்சா பொண்ணுக்கும் அது வரும்பானுங்க. அவ முப்பது வருசம் மறச்சத நான் ஒரு நாள்ல ஊருக்குச் சொல்லவா? மயக்கம்னு எய்துங்க சார். கஸ்தூரிக்கும் தெரிய வேணாம். எப்பவும் தெரிய வேணாம்." என் இரண்டு கையையும் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்து தேவராஜனிடம் முனுசாமி சொன்னதையெல்லாம் சொன்னேன். மேஜை மேல் இருந்த காகிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் அவரே எழுதினார். இந்த நோயாளி நெடுநாள் உட்கொண்டுவந்த ஒரு மருந்தை மருத்துவமனை நிறுத்தியதன் விளைவாகத் திடீரென்று நினைவிழந்து விழுந்திருக்கிறார், நிறுத்தும்படி உத்தரவிட்டது நான், பொறுப்பு என்னுடையது. பொய் ஒரு வார்த்தை இல்லை. வலிப்பு என்ற சொல்லும் இல்லை. என் பெயரும் இல்லை.

"சார், அட்டை நான் எழுதினது" என்றேன்.

"கோடு போட்டது நான்" என்றார். "நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்."

சொல்லவில்லை. போலீஸ் விபத்து என்று முடித்துக்கொண்டது. அந்தக் கடிதத்தின் நகல் நிர்வாகத்துக்குப் போனது. விசாரணைக் கூட்டம் ஒன்று நடந்தது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாதது எனக்கு நிம்மதியாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது. எனக்கு அப்போது இரண்டு சின்னக் குழந்தைகள், வாடகை வீடு என்று காரணங்களை வரிசையாக வைத்திருந்தேன். தேவராஜனைத் தலைவர் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். மூன்று மாதத்தில் அவரே விலகிக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கேயும் வேலைக்குப் போகவில்லை என்று கேள்வி.

கடைசி நாளன்று என் ஜன்னலுக்கு வந்தார். ஒரு புது அட்டையை வாங்கி, கையோடு கொண்டுவந்திருந்த ஸ்கேலை வைத்து வலது ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். "மூணு கேள்வி பத்தாது. அந்தம்மாகிட்ட நீங்க கேட்டப்போ பக்கத்துல யார் இருந்தாங்கன்னு நான் கேட்கவே இல்ல" என்றார். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கட்டத்துக்கு 'உடன் யார்' என்று நான் தலைப்புப் போட்டேன்.

ஆய்வுக் கட்டுரையை அனுப்பவில்லை. ஒரு வருடம் யாருடைய மருந்தையும் தொடவில்லை, தொடரவும் என்றே விட்டேன். அப்படி விட்டதிலும் ஒரு முதியவர் தூக்க மாத்திரை மயக்கத்தில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். பயந்து ஒதுங்குவதும் ஆளைக் கொல்லும் என்று புரிந்த பிறகு மறுபடியும் பையைக் கொட்ட ஆரம்பித்தேன். ஜன்னலில் இல்லை. பின்பக்கம் கலவை மருந்து பாட்டில் அடுக்கும் சிறு அறையில், ஒரு ஸ்டூல் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு. பெண்கள் வந்தால் ஒரு நர்ஸ் கேட்பார். கூட வந்தவரை டோக்கன் வாங்க, தண்ணீர் பிடிக்க என்று ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டுத்தான் கேள்வி. மருமகள், மகன், கணவன், யார் உடன் இருந்தாலும் அட்டையில் எழுதுவோம். ஆள் மாறினால் பதிலும் மாறியது. ஒரே மாத்திரைக்கு மகன் இருக்கும்போது ஒரு காரணம், தனியாக இருக்கும்போது வேறு காரணம். பின்னாளில் நான் எழுதியதெல்லாம் இதைப் பற்றித்தான். குறைப்பதும் இரண்டு வாரக் கணக்கில் இல்லை, மாதக் கணக்கில்.

எட்டு வருடம் போயிற்று. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மத்தியானம், கூட்டம் வடிந்த நேரம். முப்பது வயதுக்குள் ஒரு பெண் ஜன்னலுக்கு வந்து, கோவிலம்பாக்கத்திலிருந்து வருவதாகச் சொன்னாள். உள்ளே உட்காரச் சொல்லி நர்ஸைக் கூப்பிடப் போனேன். "வேணாம் சார், உங்ககிட்டதான் பேசணும்" என்றாள். பழக்கதோஷத்தில் புது அட்டை எடுத்து, பெயர் கேட்டேன். கஸ்தூரி என்றாள். வயதை எழுதினேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

"மாத்திரைங்க கொண்டாந்தீங்களா?"

"மாத்திரைக்கு வரல சார்."

"கூட யாரு வந்திருக்காங்க?"

"யாரும் இல்ல."

எழுதினேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"செம்பாக்கம் சரோஜாவோட பொண்ணு சார் நான். அம்மாவுக்கு நீங்கதான் மாத்திர குடுப்பீங்கன்னு அப்பா ஒரு தபா சொல்லிச்சு. அம்மா ஏன் சார் குதிச்சுது? உங்ககிட்ட ஏதாவது சொல்லிச்சா?"

பேனாவை மூடிவைத்தேன்.

"மொத நாளு நான்தான் கத்தினேன். ராத்திரி எல்லாம் தூங்காம ஒக்காந்துகினு, பகல்ல எரிஞ்சு எரிஞ்சு வுழுந்துச்சு. எங் கண்ணாலம் ஆவறது உனக்குப் புடிக்கலன்னா சொல்லிடுன்னு கத்திட்டேன். மறுநாள் காத்தால கெணத்துல. எங்க மாமியா இன்னிக்கும் சண்டன்னா, ஆத்தாளக் கெணத்துல தள்ளினவதான நீன்னு சொல்லுது. இருக்கும்னுதான் தோணுது சார்."

ஏரிக்கரையில் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. யாரைக் காப்பாற்ற அதைச் செய்தேனோ, அவள்தான் எட்டு வருடமாக இதைச் சுமந்துகொண்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். தாயைக் கொன்றவள் என்று ஏசப்பட்டுக்கொண்டிருந்தாள். கொன்றவன் நான், சம்பள உயர்வு வாங்கிக்கொண்டு, கூட்டங்களில் பேசிக்கொண்டு இருந்தேன்.

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அம்மா குதிக்கவில்லை, அவருக்கு வலிப்பு இருந்தது, அதற்குச் சாப்பிட்ட மாத்திரையை நிறுத்தியது நான், பெரிய டாக்டர் என்னை நம்பிக் கோடு போட்டார். தூங்காமல் இருந்ததும் எரிந்து விழுந்ததும்கூட நான் நிறுத்தியதால்தான். நீ கத்தியதற்கும் கிணற்றுக்கும் சம்பந்தம் இல்லை. ஒன்றாவது கொடுங்கள் என்று அம்மா ஜன்னலில் கேட்டதையும், நான் சிரித்ததையும் சொன்னேன். இவ்வளவையும் நான் என் வாயால் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "குதிக்கலல்ல?" என்று இன்னொரு முறை கேட்டாள். "இல்லம்மா" என்றேன்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். உனக்குத் தெரிய வேண்டாம்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினார். இன்னிக்கு அதை மீறிட்டேன்."

எழுந்து கதவு வரைக்கும் போனாள். அங்கே நின்று திரும்பினாள்.

"நான் வந்து கேட்டன்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சார். எனக்குத் தெரியும்னு அதுக்குத் தெரிய வேணாம். பாவம், தாங்காது."

சரி என்றேன். முனுசாமி இறக்கும்வரை அந்த வாக்கைக் காப்பாற்றினேன். கதவு திறந்தே இருந்தது. மேஜை மேல் அவளுடைய அட்டை கிடந்தது. மருந்துக் கட்டங்கள் காலியாகவும், கடைசிக் கட்டத்தில் மட்டும் என் கையெழுத்துமாக. அதை வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, அன்றைய அட்டைகளோடு சேர்த்துக் கட்டினேன். காயத்ரி என்னிடம் நீட்டியது அந்த அட்டைதான்.